ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் உருவாவது எப்படி?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் தரும் திசு நாற்றிலேயே இருக்கிறதா, மரம் பருத்த பிறகுதான் உண்டாகிறதா? வெட்டி எடுத்த பட்டை திரும்ப வளரும்போது அதிலும் பால் வருவது எப்படி? மருந்து பூசினால் பால் குழாய்கள் பெருகுமா?

மூன்றையும் சேர்த்தே விளக்குகிறேன். ஏனென்றால் மூன்றுக்குமான விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மிக மெல்லிய திசு அடுக்கு உண்டு. ரப்பர் விவசாயியின் வருமானம் முழுவதும் அந்த அடுக்கு செய்யும் வேலையைப் பொறுத்தது. நாற்றில் பால் குழாய் இருக்கிறது. ஆனால் சிரட்டையில் நாம் பிடிக்கும் பால் அந்தக் குழாய்களிலிருந்து வருவதில்லை. கேம்பியம் ஆண்டுதோறும் புதிதாக உருவாக்கும் வேறொரு தலைமுறைக் குழாய்களிலிருந்து வருகிறது.

பால் என்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். வேர் உறிஞ்சிய நீர் சைலம் வழியாக மேலே ஏறுகிறது. இலையில் தயாரான சர்க்கரை ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்கள் வழியாக மரத்தின் மற்ற பாகங்களுக்குப் போகிறது. ரப்பர் பால் இந்த இரண்டிலும் ஓடுவது அல்ல. அது உயிருள்ள செல்களின் சைட்டோபிளாசம். கத்தி பட்டவுடன் வெளியே வருவது செல்லின் உள்ளடக்கமே. அதில் ரப்பர் துகள்கள், புரதங்கள், சர்க்கரை, நொதிகள், லூட்டாய்டு என்னும் நுண்பைகள் எல்லாம் கலந்திருக்கும். நூறு கிராம் பாலில் முப்பது முதல் நாற்பது கிராம் வரை உலர் ரப்பர் தேறும். மரக்கட்டையில் பால் கிடையாது. தண்டில் பால் இருக்கும் இடம் பட்டைதான்.

பால் வரும் செடிகள் எல்லாம் ஒரே விதமாகப் பால் குழாயை அமைத்துக்கொள்வதில்லை. எருக்கு, கள்ளி, அரளி ஆகியவற்றில் குழாய் என்பது ஒற்றைச் செல். விதைக்குள் கரு உருவாகும்போதே ஒருசில செல்கள் அதற்காக ஒதுக்கப்படுகின்றன. செடி வளர வளர அந்தச் செல்களும் மற்ற செல்களின் இடையே நுழைந்து, கிளைத்து, நீண்டுகொண்டே போகும். உட்கருக்கள் பலவாகப் பெருகும். குறுக்குச் சுவர் வராது. ரப்பர் மரத்தின் வழி வேறு. அதில் தனித்தனிச் செல்கள் வரிசையாக நின்று, இடைச்சுவர்கள் கரைந்து, ஒன்றோடொன்று இணைந்து குழாயாகின்றன. ரப்பர் மரமும் கள்ளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்த வேறுபாடு எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. அதே குடும்பத்து மரவள்ளி ரப்பரின் வழியில் போகிறது. குடும்பத் தொடர்பே இல்லாத பப்பாளியிலும் இணைந்த குழாய்கள்தான். ரப்பர் மரத்தில் குழாய்கள் செல்கள் இணைந்து உண்டானவை என்பதை இங்கிலாந்துத் தாவரவியலாளர் டி. எச். ஸ்காட் 1880-களிலேயே நாற்றுகளை ஆராய்ந்து காட்டிவிட்டார். அன்று ஆசியாவில் ரப்பர் தோட்டத் தொழில் தொடங்கியிருக்கவே இல்லை.

செல்கள் இணைந்து குழாயாவது வெறும் உடற்கூற்று விவரம் அல்ல. தொழில் நடப்பதற்கே அதுதான் காரணம். ஓரிடத்தில் வெட்டினால் அந்த இடத்துச் செல்களில் உள்ள பால் மட்டுமல்லாமல், அவற்றோடு இணைந்திருக்கும் பரந்த பகுதியின் பாலும் அந்த வழியாக வடிய முடிகிறது.

இனி நாற்றுக்கு வருவோம். முளைத்த விதையின் இளந்தண்டிலும் வித்திலைகளிலும் பால் குழாய்கள் உண்டு. இளந்தளிரைக் கிள்ளினால் பால் சொட்டுவதை நாற்றங்காலில் வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள். இவை முதல்நிலைப் பால் குழாய்கள். தண்டின் நுனியில் உள்ள ஆக்குத்திசு, புரோகேம்பியம் என்ற இழைகளைத் தோற்றுவிக்கிறது. அவற்றிலிருந்து முதல் ஃபுளோயம் உருவாகும்போது, அதை ஒட்டியே இந்தக் குழாய்களும் உருவாகின்றன. இலைக்காம்பு, இலை நரம்பு, பூ, காய் என்று இளம் பாகங்கள் எல்லாவற்றிலும் இருப்பவை இவைதான்.

ரப்பர் கன்று ஒரே சீராக உயர்வதில்லை. சில காலம் வேகமாக நீண்டு, இலைக்கொத்து ஒன்றை விரித்து, ஓய்வெடுத்து, மறுபடி நீளும். தண்டில் இலைகள் கொத்துக் கொத்தாக, அடுக்கடுக்காகத் தெரிவது இதனால்தான். நுனியில் இருக்கும் புதிய அடுக்கை வெட்டிப் பார்த்தால் முதல்நிலைக் குழாய்கள் மட்டுமே தெரியும். கீழே உள்ள முதிர்ந்த அடுக்குகளுக்கு வர வர, அடுத்த தலைமுறைக் குழாய்கள் தோன்றத் தொடங்கும். ஒரே கன்றில் மேலிருந்து கீழாக வரிசையாக வெட்டுத்துண்டுகள் எடுத்துப் பார்த்தால், பால் திசு எந்த முறையில் வளர்கிறது என்பதைக் காலவரிசையில் பார்த்துவிடலாம். ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதியாக அமைந்தது; அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல்நிலைக் குழாய்களால் வெட்டுக்குப் பயன் இல்லை. தண்டு பருக்கும்போது அவை வெளிப்புறம் தள்ளப்பட்டு, இழுபட்டுச் சிதைந்துவிடுகின்றன. வெட்டும் அளவுக்கு மரம் பருத்து நிற்கும்போது, வெட்டும் இடத்துப் பட்டையில் வேலை செய்பவை அனைத்தும் கேம்பியம் தந்த இரண்டாம்நிலைக் குழாய்கள்.

கேம்பியத்தின் வேலை முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதில் இருவகைச் செல்கள் உண்டு. நீண்டு, இரு முனையும் கூராக இருப்பவை ஒரு வகை. குறுகியவை மற்றொரு வகை. குறுகியவை கதிர்களை உண்டாக்குகின்றன. கதிர்கள் என்பவை மரத்தின் உள்ளிருந்து பட்டை வரை குறுக்கே ஓடி உணவைச் சேமித்துக் கடத்தும் செல் வரிசைகள். நீண்டவை பிரிந்து உட்புறம் சைலத்தையும் வெளிப்புறம் ஃபுளோயத்தையும் தருகின்றன. வெளிப்புறம் பிரிந்து வரும் ஒரு மகள் செல்லுக்கு முன்னே பல வழிகள் இருக்கின்றன. அது சல்லடைக் குழாயாகலாம், உணவு சேமிக்கும் பாரன்கைமாவாகலாம், பால் குழாய்ச் செல்லாகவும் ஆகலாம்.

சில காலம் கேம்பியம் சல்லடைக் குழாய்களையும் பாரன்கைமாவையும் மட்டுமே தந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு கட்டத்தில், தண்டின் சுற்றளவில் அடுத்தடுத்து இருக்கும் மகள் செல்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பால் குழாய்ச் செல்களாக மாறத் தொடங்கும். அந்த வரிசை முடிந்ததும் மறுபடி சல்லடைக் குழாய்களும் பாரன்கைமாவும். பிறகு மீண்டும் ஒரு பால் குழாய் வரிசை. பால் குழாய்கள் பட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்காமல் வளையம் வளையமாக அமைந்திருப்பது இப்படித்தான். முழு மரத்தையும் மனத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மெல்லிய உருளைக் குழல்கள் போல அந்த வளையங்கள் தண்டைச் சுற்றி நிற்கின்றன. வெளியே இருப்பது பழையது. கேம்பியத்துக்கு அருகே இருப்பது புதியது.

பால் குழாயாக மாறும் செல்லில் முதலில் சைட்டோபிளாசம் அடர்த்தியாகிறது. ரப்பர் துகள்கள் தோன்றுகின்றன. சிறுசிறு நுண்குமிழ்கள் லூட்டாய்டுகளாக உருப்பெறுகின்றன. அதே நேரத்தில், மேலும் கீழும் இருக்கும் செல்களைத் தொடும் முனைச்சுவர் கரைந்து திறக்கிறது. பக்கவாட்டிலும், ஒரே வளையத்தைச் சேர்ந்த அண்டைச் செல்லைத் தொடும் இடங்களில் சுவர் கரைகிறது. இப்படி ஒரு வளையத்துக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே வலைப்பின்னலாக இணைந்துவிடும். ஆனால் ஒரு வளையத்துக்கும் அதற்கு வெளியே உள்ள அடுத்த வளையத்துக்கும் இடையே பொதுவாக இணைப்பு இருப்பதில்லை. நடுவே சல்லடைக் குழாய்களும் பாரன்கைமாவும் நிற்கின்றன. கத்தி எத்தனை வளையங்களைத் திறக்கிறதோ அத்தனை வளையங்களின் பால்தான் வடியும். தொடாத வளையத்தின் பால் அங்கேயே இருக்கும். ஆழமாக வெட்டினால் பால் கூடுகிறது என்ற அனுபவ அறிவு இதிலிருந்து வந்தது. ஆழமாக வெட்ட வேண்டும் என்ற ஆபத்தான ஆசையும் இதிலிருந்தே வந்தது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வெட்டுப் பட்டையிலிருந்து சிறு துண்டு எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, சூடான் மூன்று என்ற சாயத்தில் ஊறவையுங்கள். ரப்பரும் கொழுப்பும் ஆரஞ்சுச் சிவப்பாகும். குறுக்காகச் சீவிய துண்டில், கேம்பியத்துக்கு இணையாக வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு வரிசையும் ஒரு வளையம். அதே பட்டையை அதன் பரப்புக்கு இணையாகச் சீவினால் காட்சி முற்றிலும் மாறிவிடும். புள்ளிகள் மறைந்து, நீளவாக்கில் ஓடும் சிவப்புக் கோடுகள் கதிர்களைச் சுற்றி வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, பெருங்கண்ணி வலையாகத் தெரியும். கண்ணிகளுக்கு நடுவே நீள்வட்டமாக இருப்பவை கதிர்களின் வெட்டுமுகங்கள். முதிர்ந்த குழாயின் விட்டம் 20 முதல் 30 மைக்ரோமீட்டர் வரைதான். அவ்வளவு நுண்ணிய குழாய்கள் சேர்ந்துதான் காலையில் சிரட்டையை நிரப்புகின்றன.

அந்த வலையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். குழாய்கள் நேர்ச்செங்குத்தாக ஓடுவதில்லை. மரத்தைப் பார்த்து நின்றால், மேலே போகப் போக வலப்பக்கம் சாய்கின்றன. சாய்வு ஏறக்குறைய 3 முதல் 5 டிகிரி. குமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறை, சிற்றாறு பக்கத்துத் தோட்டங்களானாலும் கேரளமானாலும், வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாக இறங்குவதற்குக் காரணம் இந்தச் சாய்வு. அப்படி வெட்டும்போது குறிப்பிட்ட நீளத்துக்குள் அதிகக் குழாய்கள் அறுபடும். எதிர்ச்சாய்வில் வெட்டினால் குழாய்களின் போக்கோடு கத்தியும் ஓரளவு ஒத்துப் போய்விடும்; அறுபடும் எண்ணிக்கை குறையும்.

பட்டையின் குறுக்கே எல்லா இடத்திலும் குழாய்கள் ஒரே தரமாக இருப்பதில்லை. வெளியே தக்கை. அதற்கு உட்புறம் கடினப்பட்டை; அங்கே சுவர் தடித்து இறுகிய கல் செல்கள் நிறைந்திருக்கும். மரம் பருக்கும்போது வெளி வளையங்கள் இழுபடுகின்றன. நடுவே கல் செல்கள் உருவாகின்றன. வலை அங்கங்கே துண்டாகிறது. அதனால் கடினப்பட்டையில் பால் குழாய்கள் இருந்தாலும் பெரும் பயன் இல்லை. அதற்கும் உள்ளே, கேம்பியத்தை ஒட்டி மென்பட்டை. உயிரோடு இயங்கும் சல்லடைக் குழாய்களும் முழுமையான பால் வலையும் இங்கேதான் இருக்கின்றன. கத்தி உள்ளே போகப் போகப் பால் பெருகுவது வளையங்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டுமல்ல. வளையங்களின் தரமும் கூடுவதால். ஆனால் கேம்பியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி ஓரிரு வரிசைகள் இன்னும் முதிராதவை. அந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை வெட்டாமல் விட வேண்டும் என்பது விதி. நல்ல பால் வெட்டுத் தொழிலாளியின் கைத்திறன் முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் தெரியும். கூலி பேசும்போது இந்தத் திறனுக்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை வளையங்கள் இருக்கும் என்பது ரகத்தையும் வயதையும் பட்டையின் தடிமனையும் பொறுத்தது. வளர்ந்த நல்ல ரக மரங்களில் இருபது, முப்பது வளையங்கள்கூட இருக்கும். வளைய எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும் பரம்பரைப் பண்பு. விளைச்சலோடு அது நெருங்கிய தொடர்புடையது. ஆகவே புதிய கலப்பினங்களை உருவாக்கும்போது, இளங்கன்றுப் பருவத்திலேயே பட்டையைச் சோதித்து வளையங்களை எண்ணிப் பார்ப்பது தேர்வு முறைகளில் ஒன்றாக இருக்கிறது. கேரளத்திலும் குமரியிலும் பரவலாக நிற்கும் ஆர்ஆர்ஐஐ 105 கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம்; 1980-இல் வெளியானது. அதற்கு முன்பு மலேசியாவின் ஆர்ஆர்ஐஎம் 600 பெயர் பெற்றிருந்தது. வளைய எண்ணிக்கை ஒன்றே விளைச்சலைத் தீர்மானிக்காது. பால் எவ்வளவு நேரம் அடைபடாமல் ஓடுகிறது, சர்க்கரை எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பவையும் உண்டு. ஆனால் குழாயே இல்லாத இடத்தில் மற்றவை எதுவும் உதவாது.

விதையிலிருந்து நேராக வளர்ந்த மரத்துக்கும் ஒட்டுக்கன்றிலிருந்து வளர்ந்த மரத்துக்கும் இந்த இடத்தில் ஒரு வேறுபாடு உண்டு. விதைமரத்தின் அடி பருத்தும் மேலே போகப் போக ஒடுங்கியும் இருக்கும். பட்டையும் வளையங்களும் அடியில் அதிகம், மேலே குறைவு. ஒட்டுமரம் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமன்; வளையங்களும் அப்படியே. அதனால்தான் விதைமரத்தைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் 55 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால் திறக்கலாம், அதாவது முதல் வெட்டைத் தொடங்கலாம் என்றும், ஒட்டுமரத்தை ஒட்டிடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் வந்தால் திறக்கலாம் என்றும் வேறுவேறு அளவுகள் வைத்திருக்கிறார்கள். நம் பகுதியில் ஒட்டுமரம் அந்த அளவை எட்ட ஏழு ஆண்டுகள் வரை ஆகும். பொறுக்காமல் முன்பே திறப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: வெட்டத் தொடங்கியவுடன் மரத்தின் பருமன் கூடும் வேகம் குறைந்துவிடும். சர்க்கரை பாலுக்குப் போகிறது. கேம்பியத்துக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. மெலிந்த மரத்தைத் திறப்பது, வளையங்கள் சேரவேண்டிய பருவத்தையே மரத்திடமிருந்து பிடுங்கிக்கொள்வதாகும்.

அடுத்து, பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். வெட்டிய குழாயில் மறுநாள் அல்லது மூன்றாம் நாள் மறுபடி பால் நிறைவது ஒன்று. புதிய குழாய் உருவாவது வேறொன்று. முன்னது நாள்கணக்கு, பின்னது வாரங்கள், மாதங்கள், ஆண்டுகள்.

பால் நிறைவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் வடியும்போது ரப்பர் துகள்களும் லூட்டாய்டுகளும் வெளியேறுகின்றன. ஆனால் உட்கருக்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் குழாயின் சுவரை ஒட்டிய சைட்டோபிளாசத்தில் தங்கிவிடுகின்றன. ஆகவே செல் சாவதில்லை. சல்லடைக் குழாயிலிருந்து வரும் சுக்ரோஸை எடுத்துக்கொண்டு, இழந்த பொருள்களை மறுபடி தயாரித்துக்கொள்கிறது. விடியற்காலையில் குழாய்களுக்குள் அழுத்தம் பத்து வளிமண்டலம் அளவுக்கு இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அது குறையும். அதிகாலையில் வெட்டுவது இதற்காகத்தான். வெட்டு வாயில் லூட்டாய்டுகள் உடைந்து, அவற்றின் அமிலமும் புரதங்களும் ரப்பர் துகள்களைத் திரளச் செய்து குழாயின் வாயை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் சொட்டு நிற்கிறது. வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் அந்த அடைப்பின் மிச்சம்.

மரம் ஏன் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது என்று யோசித்தால் அடுத்த பகுதி எளிதில் விளங்கும். அமேசான் காட்டில் பட்டையைக் குடையும் பூச்சிக்கு, வாய் வைத்தவுடன் ஒட்டிக்கொண்டு உறையும் பால் பெரிய தடை. லூட்டாய்டுகளில் இருக்கும் ஹெவீன் என்ற சிறு புரதம் கைட்டினைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. பூஞ்சைகளின் செல்சுவரில் இருப்பது கைட்டின். ஆக, பால் குழாய் என்பது மரத்தின் காவல் திசு. காவல் திசு என்றால், தாக்குதல் நடக்கும் இடத்தில் அது கூட வேண்டும் அல்லவா?

கூடத்தான் செய்கிறது. வெட்டப்படும் மரத்தில், வெட்டுக்கு அருகே உள்ள பட்டையில் கேம்பியம் வழக்கத்தைவிட அடிக்கடி பால் குழாய் வளையங்களை உண்டாக்குகிறது என்பதை ஹாய்னான் தீவில் பணியாற்றிய சீன ஆய்வாளர்கள் ஹாவ் பிங்சோங், வூ ஜீலின் இருவரும் 1980-களின் தொடக்கத்திலிருந்தே காட்டிவந்தார்கள். அதற்கான செய்தியைக் கேம்பியத்துக்குக் கொண்டுபோவது எது என்று தேடியபோதுதான், மேலே சொன்ன அடுக்கு வளர்ச்சி அவர்களுக்குக் கைகொடுத்தது. புதிதாகத் துளிர்த்த கிளைகளில், இரண்டாம்நிலைக் குழாய் இன்னும் தோன்றாத இளம் அடுக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இயற்கையில் வளையம் இல்லை. ஆகவே சோதனைக்குப் பிறகு வளையம் தென்பட்டால், அது சோதனையின் விளைவு என்று ஐயமின்றிச் சொல்லலாம். தண்டைக் காயப்படுத்தினால் அங்கே இரண்டாம்நிலைக் குழாய்கள் வந்தன. காயமே இல்லாமல் ஜாஸ்மோனிக் அமிலத்தைக் கொடுத்தபோதும் வந்தன. அந்த அமிலத்தைச் செடி தயாரிக்கப் பயன்படுத்தும் மூலப்பொருளான லினோலெனிக் அமிலத்தைக் கொடுத்தாலும் வந்தன. இதை அவர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். பால் திசு பற்றிய ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் சோதனை இது. கருவி எதுவும் பிரமாதமானது அல்ல. சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அதன் பெருமை.

ஜாஸ்மோனிக் அமிலம் ரப்பர் மரத்துக்கு மட்டும் உரியதல்ல. தக்காளி, புகையிலை என்று பல செடிகளில் பூச்சி கடித்தவுடன் உயரும் காப்பு ஹார்மோன் அது. ரப்பர் மரத்தில் அதே ஹார்மோன் கேம்பியத்தின் மகள் செல்களைப் பால் குழாயாகும் பாதைக்குத் திருப்புகிறது. பிற்பாடு நடந்த ஆய்வுகள் சங்கிலியை இன்னும் சற்று முன்னுக்குக் கொண்டுபோயின: காயம் பட்ட இடம் உலர்வதும், அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாவதும் ஜாஸ்மோனேட்டுகள் உயர்வதற்கு முந்திய கட்டங்களாகத் தெரிகின்றன. அந்தச் செல்களின் உள்ளே எந்தெந்த மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன என்ற ஆய்வு இன்றும் நடந்துவருகிறது.

இப்போது இரண்டாம் கேள்வி, மீள்பட்டை, அதாவது வெட்டிய இடத்தில் திரும்ப வளரும் பட்டை. இதைப் புரிந்துகொள்ள வரலாற்றை ஒரு கணம் தொட வேண்டும். அமேசானில் பால் சேகரித்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கோடரியின் வாய் பட்டையைத் தாண்டிக் கட்டை வரை இறங்கியது, கேம்பியமும் வெட்டுப்பட்டது. மரம் அந்த இடங்களை முண்டும் முடிச்சுமாகத்தான் மூட முடிந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகள் இலங்கைக்கு வந்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888-இல் இயக்குநராக வந்த ரிட்லி, அடுத்த ஆண்டுகளில் வேறொரு முறையை நிலைநாட்டினார். கொத்த வேண்டாம், ஒரே வெட்டின் கீழ்விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாகச் செதுக்கி எடுத்தால் போதும். கட்டையைத் தொடாமல், கேம்பியத்தை விட்டுவைத்துச் செதுக்கினால் மரத்துக்குக் கேடில்லை. பட்டை ஒழுங்காகத் திரும்ப வளரும். இன்று உலகம் முழுவதும் நடப்பது அந்த முறையின் வழித்தோன்றல்தான்.

செதுக்கிய இடத்தில் என்ன நடக்கிறது? வெளியே தெரியும் செல்கள் உலர்ந்து ஒரு மேலோடாகின்றன. அதன் அடியில் எஞ்சிய மென்பட்டைச் செல்களிலிருந்து புதிய தக்கைக் கேம்பியம் எழுந்து தக்கையை உண்டாக்குகிறது. உள்ளே, காயப்படாத கேம்பியம் தன் வேலையை நிறுத்துவதே இல்லை. அது தொடர்ந்து ஃபுளோயத்தைத் தந்து, இடையிடையே பால் குழாய் வளையங்களையும் தந்துகொண்டிருக்கிறது. விட்டுவைத்த ஒரு மில்லிமீட்டரில் இருந்த பழைய வளையங்கள் வெளிப்புறமாக நகர, அவற்றுக்கு உட்புறம் புதியவை ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. மீள்பட்டையில் பால் வருவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. கத்தி படாத முதல் பட்டையான கன்னிப்பட்டையை உருவாக்கிய அதே கேம்பியம் அதையும் உருவாக்குகிறது. மறுபடி வெட்டும் அளவுக்குத் தடிமனும் வளையங்களும் சேர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். மரத்தின் சுற்றளவில் இரு பாதிகளையும் மாற்றி மாற்றி வெட்டும் முறை இந்தக் கால அளவை வைத்தே வகுக்கப்பட்டது.

கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் கதை மாறுகிறது. அந்த இடத்தில் கேம்பியம் இல்லை. சுற்றியுள்ள திசு காயத்தை மூடும். ஆனால் மேடும் பள்ளமுமாக, கல் செல்கள் நிறைந்து, பால் வலை ஒழுங்கற்றுக் கிடக்கும். மீள்பட்டையில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக ஓடினால் கடந்த முறை வெட்டிய கை நல்ல கை. ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் முண்டு தட்டினால், அந்த மரத்தின் அடுத்த சுற்று வருமானம் அன்றே வெட்டி வீசப்பட்டுவிட்டது.

கடைசிக் கேள்வி மருந்து பற்றியது. தோட்டங்களில் பூசப்படுவது எத்தபான். பட்டைக்குள் சென்று எத்திலீன் வாயுவை வெளியிடும் சேர்மம். பூசிய பின் அடுத்த வெட்டிலேயே பால் கூடுவதைப் பார்த்து, புதிய பால் குழாய்கள் வந்துவிட்டதாகச் சிலர் நம்புகிறார்கள். அது நடக்க வழியே இல்லை. ஒரு வளையம் உருவாகி, சுவர்கள் கரைந்து, முதிர்ந்து பாலைத் தர வாரங்களும் மாதங்களும் வேண்டும். எத்தபான் செய்வது வேறு: வெட்டு வாய் அடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது, குழாய்களுக்குள் நீரும் சர்க்கரையும் வருவதைக் கூட்டுகிறது. இருக்கும் குழாய்களிலிருந்து நெடுநேரம் வடிய வைக்கிறது, அவ்வளவே. அளவு மீறிப் பூசி, அடிக்கடியும் வெட்டினால், இழந்ததைத் தயாரிக்கக் குழாய்களுக்கு அவகாசம் கிடைக்காது. பால் உள்ளேயே உறைந்து, வெட்டுக்கோட்டின் நீளத்தில் பகுதி பகுதியாகச் சொட்டு நின்றுபோகும். பட்டை வறட்சி என்று நாம் சொல்லும் அந்த நோய் வந்த மரத்தின் பட்டையைச் சீவிப் பார்த்தால், பால் குழாய் வளையங்கள் இருக்கும், பால் வராது.

ஆனால் எத்தபானைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் பால் திசுவுக்கு மறைமுகமாக நன்மை உண்டு. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுவதற்குப் பதிலாக மூன்று நாளுக்கு ஒருமுறை, அல்லது வாரம் ஒருமுறை வெட்டி, 2.5 சதவீத எத்தபானை ஆண்டில் குறிப்பிட்ட தடவைகள் மட்டும் பூசும் முறையை ரப்பர் வாரியம் பரிந்துரைக்கிறது. வெட்டுகள் குறைவதால் ஆண்டுக்குச் செலவாகும் பட்டை குறைகிறது. ஒரு பாதியை முடித்து மறுபாதிக்குப் போய், மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்ப நெடுங்காலம் ஆகிறது. அந்தக் கூடுதல் ஆண்டுகளில் கேம்பியம் மீள்பட்டைக்குள் மேலும் சில வளையங்களைச் சேர்த்திருக்கும்.